அத்தியாயம் 7: பருவும் பந்தியும்

பெரும்பாலும் அம்மாவும் மகளுமாகத்தான் வருவார்கள். மகள் துப்பட்டாவை இழுத்து ஒரு கன்னத்தை மறைத்தபடி உட்கார்ந்திருப்பாள். பேசுவதெல்லாம் அம்மா. அப்படி வந்த ஒரு கல்லூரி மாணவியின் அம்மா, கைப்பையிலிருந்து கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து என் மேசையில் விரித்தார். வீட்டில் மகளுக்கு நிறுத்தியவற்றின் பட்டியல் அது. வேர்க்கடலை, தேங்காய், முட்டை, கோழி, மாம்பழம், கத்திரிக்காய், வடை, அப்பளம், ஊறுகாய் என்று மொத்தம் பதினான்கு. ஆறு மாதமாக வீட்டில் இதில் ஒன்றுகூட அவள் வாய்க்குள் போகவில்லை. பருவும் முகத்தை விட்டுப் போகவில்லை.

"எல்லாத்தையும் நிறுத்தியாச்சு மேடம். இன்னும் என்னத்த நிறுத்தறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்தத் தாளைத் திருப்பி, முந்தைய நாள் காலையிலிருந்து இரவு வரை குடித்ததை மட்டும் எழுதும்படி மகளிடம் சொன்னேன். சாப்பிட்டதை இப்போதைக்கு விட்டுவிடலாம். காலையில் மால்ட் பொடி கலந்த பால், பதினொரு மணிக்குக் கேன்டீன் டீ, மதியம் தோழி வாங்கித் தந்த ரோஸ்மில்க், நாலரை மணிக்கு இன்னொரு டீ, இரவு படுக்கப் போகும்முன் மறுபடி பால். என் மேசையில் ஒரு சர்க்கரை டப்பாவும் காலி டம்ளரும் எப்போதும் இருக்கும். "ஒவ்வொண்ணுலயும் எத்தனை ஸ்பூன்னு நினைக்கிறியோ, அதை இதுல போடும்மா" என்றேன். ரோஸ்மில்க்குக்கு மட்டும் ஐந்து போட்டாள். மால்ட் பொடியிலேயே சர்க்கரை உண்டு என்பதால் அதற்கு நான் ஒன்று சேர்த்தேன். முடிவில் பதின்மூன்று ஸ்பூன். தலை தட்டிய டீஸ்பூனில் நான்கு கிராமுக்குக் குறையாது, எனவே ஐம்பது கிராமைத் தாண்டிவிட்டது. பிஸ்கட்டையும் ஜாமையும் நாங்கள் எண்ணவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் சர்க்கரை. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். அதிலும் பாதியாக, 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்று அதே நிறுவனம் சொல்கிறது.

அம்மா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு அயிட்டப் பட்டியலில் சர்க்கரை இல்லை.

பட்டியல் தப்பு என்பது ஒரு பக்கம். அதைப் போட்ட முறையும் தப்பு. "முந்தாநாள் கல்யாண வீட்டுல அப்பளம் தின்னா, மறுநாளே தாடையில வந்துருச்சு" என்பதுதான் அவருடைய சான்று. நம் வீடுகளில் பருவுக்கான விசாரணையே இப்படித்தான் நடக்கிறது. காலையில் கண்ணாடி, உடனே நேற்றைய தட்டின்மீது சந்தேகம். அந்த விசாரணை ஏன் செல்லாது என்று புரிந்தால் இந்த அத்தியாயத்தின் பாதி முடிந்தது.

பருவின் பிறந்த தேதி

நம் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்திலும் மார்பிலும் முதுகின் மேற்பகுதியிலும் இவை பெரியவை, நெருக்கமானவை. பரு அங்கெல்லாம் வந்து உள்ளங்கையில் வராததற்குக் காரணம் அதுதான். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது (பெண்களுக்கும் இந்த ஹார்மோன் உண்டு) சுரப்பி பெருத்து எண்ணெயை அதிகம் விடுகிறது. அதே சமயம் மயிர்க்காலின் உட்சுவர்ச் செல்கள் சாதாரணமாக உதிர்ந்து வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைக்கின்றன. அடைப்புக்குப் பின்னால் எண்ணெய் தேங்குகிறது. அங்கே வழக்கமாகக் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. உடலின் எதிர்ப்பு அணி வந்து சேரும்போது சிவந்து, வீங்கி, வலிக்கிறது. அதைத்தான் நாம் பரு என்கிறோம்.

வாய் திறந்த அடைப்பு கருமுனைப் பரு. அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது. மூடிய அடைப்பு வெண்முனைப் பரு. சிலர் இதை வெண்புள்ளி என்று எழுதுகிறார்கள். தமிழில் அந்தச் சொல் வேறொரு தோல் நிலைக்கு நிலைபெற்றுவிட்டதால் நான் தவிர்க்கிறேன். ஒருமுறை அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு பெண் என் அறையிலேயே அழுதிருக்கிறாள்.

கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் அடைப்பு, கண்ணாடியில் தெரியும் பருவாக வளரப் பல வாரங்கள் ஆகும். எட்டு வாரம் வரைகூடப் போகும். இன்று தாடையில் வந்திருப்பது ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன் கருவானது. முந்தாநாள் அப்பளத்துக்கு அதில் பங்கு இருக்க வழியில்லை. ஏற்கெனவே இருக்கும் அடைப்பு திடீரெனச் சிவப்பது ஒரு ராத்திரியில் நடக்கும், உண்மைதான். தூக்கம் கெட்ட வாரமோ மாதவிலக்குக்கு முந்தைய வாரமோ அதைச் செய்யலாம். ஆனால் உணவின் வேலை மெதுவானது. அதைக் காலண்டரில்தான் பிடிக்க முடியும்.

உணவு எந்த வழியாக உள்ளே வருகிறது? சர்க்கரையோ வேகமாகச் செரிக்கும் மாவோ சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறும், அதை இறக்க இன்சுலின் நிறையச் சுரக்கும். இன்சுலின் கூடினால் இரண்டு காரியம் நடக்கிறது. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் கை ஓங்குகிறது. ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதம் குறைந்து, கட்டவிழ்ந்த ஆண்ட்ரோஜன் ரத்தத்தில் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன, உட்சுவர்ச் செல்களையும் பெருக்குகின்றன. லாரன் நோய்க்குறி என்று ஓர் அரிய பிறவிக் குறைபாடு இருக்கிறது. அவர்கள் உடலில் ஐஜிஎஃப்-1 மிகக் குறைவு, வளர்ச்சி குன்றியிருக்கும், பரு வராது. சிகிச்சைக்காக ஐஜிஎஃப்-1 ஊசி போட்டபோது சிலருக்குப் பரு வந்தது, அளவைக் குறைத்ததும் போனது. பருவும் ஐஜிஎஃப்-1ம் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சாக்லெட் தப்பித்த கதை

"உணவுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை" என்று உங்கள் பெற்றோர் காலத்து மருத்துவர்கள் அடித்துச் சொல்லியிருப்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, பாடம் அப்படி இருந்தது. அந்தப் பாடத்துக்குப் பெரிய தூண் 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. 65 பேருக்கு நான்கு வாரம் தினம் ஒரு சாக்லெட் பார், இன்னொரு நான்கு வாரம் சாக்லெட் இல்லாத போலி பார் கொடுத்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை, சாக்லெட் நிரபராதி என்று தீர்ப்பானது. ஆனால் அந்தப் போலி பாரிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு இருந்தன. சர்க்கரையைச் சர்க்கரையோடு ஒப்பிட்டால் என்ன வித்தியாசம் தெரியும்? அதோடு, எட்டு வாரம் வளரும் ஒன்றை நான்கு வாரத்தில் அளந்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் அப்பளக் கணக்குதான், கொஞ்சம் நீட்டி வைத்தது.

2002இல் காற்று திசை மாறியது. பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த கிட்டாவா தீவில் சுமார் 1200 பேரை ஆராய்ந்தார்கள். பதின்வயதினர், இளைஞர் உட்பட ஒருவரிடமும் பரு இல்லை. பராகுவேயின் ஆச்சே பழங்குடியினரிடமும் அப்படியே. கிட்டாவா மக்களின் சாப்பாடு வள்ளிக்கிழங்கு வகைகள், பழம், மீன், தேங்காய். ஆம், தேங்காய், அதுவும் தினசரி! மாவுச்சத்தும் ஏராளம். பையில் அடைத்த பிஸ்கட்டும் சர்க்கரையும் பாலும்தான் அவர்கள் வாழ்வில் கிட்டத்தட்ட இல்லை. மரபணுவும் வாழ்க்கை முறையும் வேறு என்பதால் எல்லாப் புகழையும் சாப்பாட்டுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் தேங்காய்ச் சட்னியைப் பழிசொல்லும் வீடுகள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

நேரடிச் சோதனை 2007இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 15 முதல் 25 வயதுக்குட்பட்ட 43 ஆண்களுக்கு 12 வாரம். ஒரு பாதிக்கு மெதுவாகச் செரிக்கும் மாவும் கூடுதல் புரதமும், மறுபாதிக்கு வழக்கமான மாவு உணவு. மாற்றிச் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 23 பருக்களுக்கு மேல் குறைந்தன, மற்றவர்களுக்கு 12. சாப்பாட்டை மாற்றாதவர்களுக்கும் 12 குறைந்ததைக் கவனியுங்கள். பரு தானாகவும் ஏறி இறங்கும் என்பதை மறந்தவர்தான் "எலுமிச்சம்பழம் தேய்த்தேன், போயிற்று" என்பார். மாற்றிச் சாப்பிட்டவர்களின் உடல் எடையும் குறைந்தது, பலனில் எடைக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். இப்படிச் சிக்கல்கள் இருப்பதால்தான் அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட நெறிமுறையிலும், குறிப்பிட்ட உணவுமுறையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே எழுதியிருக்கிறது.

அப்படியானால் நான் ஏன் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்? மருந்துக்குப் பதிலாக உணவு என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் சர்க்கரையைக் குறைத்துப் பார்ப்பதில் யாருக்கும் நட்டமில்லை. பதினான்கு நல்ல உணவுகளை நிறுத்துவதில் நட்டம் உண்டு.

சோற்றுத் தட்டு

உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதற்கு 1981இல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு ஓர் அளவுகோல் கொடுத்தது. அதுதான் கிளைசெமிக் இண்டெக்ஸ். குளுக்கோஸ் 100. 70ம் அதற்கு மேலும் வேகம், 55ம் அதற்குக் கீழும் மெதுவு. நம் அரிசியைச் சென்னை ஆராய்ச்சியாளர்களே அளந்திருக்கிறார்கள்: பொன்னி 70.2, சோனா மசூரி 72, சுர்தி கோலம் 77. மூன்றும் வேகக் கட்சி.

உடனே சோற்றை நிறுத்திவிடாதீர்கள். வேகத்தைப் போலவே அளவும் முக்கியம். ஒரு கிண்ணம் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கும். அதை 70ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 31.5 வரும். இதற்கு கிளைசெமிக் லோடு என்று பெயர், ஒரு வேளைக்கு 20க்கு மேல் போனாலே அதிகம் என்பது கணக்கு. மெஸ்ஸில் சாம்பாருக்கு ஒரு குவியல், ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று போட்டுக்கொள்ளும் பிள்ளையின் தட்டில் மூன்று கிண்ணம் இருக்கும். கூட்டிப் பாருங்கள்.

எனவே நான் சொல்வது, சோறு ஒரு கிண்ணம், கூட்டும் பொரியலும் கீரையும் சேர்ந்து ஒரு கிண்ணம், பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ அரைக் கிண்ணம். வரிசையையும் கொஞ்சம் மாற்றலாம். முதலில் பொரியலையும் பருப்பையும் நான்கு வாய் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கைவைத்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று நீரிழிவு ஆய்வுகள் காட்டுகின்றன. பொரியலைத் தொட்டுக்கொள்ள மட்டும் என்று வைத்திருக்கும் பழக்கம் நம் பந்தியின் பலவீனம். சாம்பாரில் காயைத் தேடி எடுக்க வேண்டியிருந்தால் அதைக் காய் சாப்பிட்டதாகக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றுக்கு இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். வெந்த சோறு ஆறும்போது மாவின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. சுடச்சுடப் பச்சரிசிச் சோற்றைவிட அது மேல். சின்ன வெங்காயத்தோடு ஒரு கிண்ணம் பழையது, கூடவே ஒரு முட்டையோ கைப்பிடி நிலக்கடலையோ இருந்தால் கார்ன்ஃபிளேக்ஸ் கிண்ணத்தைவிட நல்ல காலைச் சாப்பாடு.

சிறுதானியம் என்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தானியத்தை எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ, எவ்வளவு குழைய வேகவைக்கிறோமோ, அவ்வளவு வேகமாக அது செரிக்கும். முழுச் சாமைச் சோறும் நைஸ் மாவில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சியும் ஒன்றல்ல. அந்தக் கஞ்சியில் மூன்று ஸ்பூன் நாட்டுச் சர்க்கரையும் போட்டுவிட்டு "ஹெல்த்தி" என்று சொல்லிக்கொள்கிறோம். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். சுவைக்காகச் சாப்பிடுங்கள், முகத்துக்காக என்று சாப்பிடாதீர்கள்.

மைதா பரோட்டா, பன், ரஸ்க், வர்க்கி, க்ரீம் பிஸ்கட், ஜவ்வரிசி, வெள்ளை சேமியா இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறையுங்கள்.

பால், அதற்குமேல் பவுடர்

பால் ஒரு விசித்திரமான பேர்வழி. கிளைசெமிக் இண்டெக்ஸில் மெதுவான கட்சி, சுமார் 30தான். ஆனால் இன்சுலினை மட்டும் அதைவிடப் பல மடங்கு சுரக்க வைக்கிறது. கன்றை வளர்க்க வந்த திரவம் அல்லவா. அமெரிக்கச் செவிலியர்கள் 47,355 பேரிடம் அவர்களுடைய பள்ளிக்காலச் சாப்பாட்டைக் கேட்டு 2005இல் வெளியிட்ட ஆய்வில், பால் அதிகம் குடித்தவர்களுக்குப் பருத் தொல்லை சற்று அதிகமாக இருந்தது. தொடர்பு பளிச்சென்று தெரிந்தது கொழுப்பு நீக்கிய பாலில். எனவே ஆடை எடுத்த பாலுக்கு மாறினால் பரு குறையும் என்ற எண்ணத்துக்கு இதில் ஆதரவில்லை. தயிரைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, அதனால் நான் மோரிலும் தயிர்சாதத்திலும் கைவைப்பதில்லை. (ஃபில்டர் காபியிலும், என் சொந்தப் பலவீனம் காரணமாக, கடைசியாகத்தான் கைவைப்பேன்.)

பாலைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் டம்ளர் பாலை நிறுத்துங்கள். காலையும் இரவும் குடிக்கும் அந்த இரண்டு டம்ளரில்தான் அளவு கூடுதல். அந்தக் கால்சியத்துக்குக் கேழ்வரகு (100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல்), எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி என்று மாற்று ஏற்பாடு செய்துகொண்டபிறகே நிறுத்துங்கள். வளரும் பிள்ளைக்கு எலும்பும் முக்கியம்.

பையன்கள் தனியாக வருவார்கள். அம்மாவை அழைத்து வருவதில்லை. "அண்ணா சொன்னாரு, டெய்லி ரெண்டு ஸ்கூப்" என்பார்கள். இங்கே அண்ணா என்பவர் ஜிம் பயிற்சியாளர். மாதம் ஒன்றோ இரண்டோ ஆகியிருக்கும், தோளிலும் முதுகிலும் கொத்தாகப் பரு. வே புரோட்டீன் எனப்படுவது பாலிலிருந்து பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் நீரின் புரதம். பாலில் இன்சுலினை அதிகம் கிளப்புவது அதுதான். ஒரு ஸ்கூப்பில் சுமார் 25 கிராம் புரதம் என்றால், அதற்குச் சமமான வே புரதம் கிட்டத்தட்ட நான்கு லிட்டர் பாலில்தான் இருக்கும். இரண்டு ஸ்கூப் போட்டால் எட்டு லிட்டர். இந்தக் கணக்கைச் சொன்னால் எந்தப் பையனும் ஒருநிமிடம் அமைதியாகிவிடுவான். எல்லாருக்கும் இதனால் பரு வருவதில்லை. ஆனால் பரு வந்த பையனிடம் நான் நிறுத்தச் சொல்லும் முதல் பொருள் இதுதான். மூன்று முட்டையில் 18 கிராம் புரதம், 100 கிராம் மீனில் சுமார் 20, ஒரு பெரிய கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12க்கு மேல். உடம்பு ஏற இது போதும். பவுடரை நிறுத்தியும் குறையவில்லை என்றால், ஊசியோ பெயர் தெரியாத மாத்திரையோ எடுக்கிறாயா என்று கேட்பேன். தசைக்கான ஸ்டீராய்டுகள் கடுமையான பருவைக் கொண்டுவரும், பதிலைப் பெரும்பாலும் தரையைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

பாட்டியின் பட்டியல்

எனக்குப் பதினேழு வயதில் நெற்றி நிறையப் பரு. பாட்டி வறுத்த வேர்க்கடலையைப் பரணில் ஒளித்து வைத்தார். நான் ஸ்டூல் போட்டு ஏறித் தின்றேன். இன்றுவரை அந்தப் பருவுக்குக் கடலைதான் காரணம் என்பது எங்கள் குடும்பத்தில் நிலைத்த தீர்ப்பு. அப்போது நான் தினமும் தலைக்கு வழிய வழியத் தேங்காயெண்ணெய் வைத்து, நெற்றியில் முடி புரள அலைந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மயிர்க்காலை அடைக்கும் எண்ணெய் வெளியிலிருந்து வந்தால் நெற்றியோரத்தில் அச்சு வைத்ததுபோல் பரு வரும். தின்ற எண்ணெய் நேரே மூக்குக்கு வந்து ஒழுகாது.

கடலை, தேங்காய், முட்டை, கோழி, கத்திரிக்காய், மிளகாய் ஆகியவை பருவை உண்டாக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. "சூடு" என்ற சொல்லை நான் கேலி செய்யமாட்டேன். வெயில் காலத்தில் வியர்வையும் எண்ணெயும் கூடி முகம் மோசமாவதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள். அதே மாதங்களில் மாம்பழமும் வந்ததால் பழி அதன்மேல் விழுந்தது. இரண்டு துண்டு மாம்பழம் சாப்பிடலாம், மில்க்ஷேக்காக அடித்துச் சர்க்கரை போட்டால் அது வேறு கதை.

பருவைக் குறைக்கும் உணவு என்று அழுத்திச் சொல்ல அதிகம் இல்லை. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் ஒமேகா-3க்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு, வாரம் இரண்டு நாள் சாப்பிடுங்கள். பூசணி விதை, எள், பயறு வகைகளில் துத்தநாகம் உண்டு. துத்தநாக மாத்திரைகள் சிலருக்கு ஓரளவு பலன் தந்திருந்தாலும் குமட்டல் தரும், அளவு மீறி நெடுநாள் தின்றால் உடலில் தாமிரம் குறையும். மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள். "நாலு லிட்டர் குடித்தால் முகம் பளபளக்கும்" என்பது வெறும் வாய்ப்பேச்சு.

பி12 ஊசி போட்ட சில நாளில் ஒரே அளவில், ஒரே மாதிரி சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பினால் தொடர்பு இருக்கலாம். சைவர்களுக்கு பி12 குறைபாடு சாதாரணம் என்பதால் நீங்களாக நிறுத்தாமல் போட்டவரிடம் சொல்லுங்கள்.

பன்னிரண்டு வாரம்

தொடங்கும் நாளில் ஜன்னலோரம், காலை வெளிச்சத்தில், மூன்று படம் எடுங்கள்: நேராக, இடம், வலம். ஃபில்டர் கூடாது. பருக்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், கருமுனை, வெண்முனை, சிவந்தவை என்று மூன்று பிரிவாக. நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம். பெண்கள் மாதவிலக்குச் சுழற்சியின் அதே நாளில் எண்ண வேண்டும். விலக்குக்கு முந்தைய வாரத்தின் எண்ணிக்கையை விலக்கு முடிந்த வாரத்தோடு ஒப்பிட்டால் எந்த உணவையும் குற்றவாளியாக்கவும் முடியும், விடுவிக்கவும் முடியும். தினமும் எண்ணாதீர்கள். எண்ணுகிற கை கிள்ளாமல் இருக்காது.

முதல் பன்னிரண்டு வாரம் சர்க்கரையும் வேக மாவும் மட்டும். டீயில் இரண்டு ஸ்பூன் என்றால் முதல் வாரம் ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று, பிறகு அரை. ஒரே நாளில் நிறுத்தியவர்கள் பத்தாம் நாள் ஜிகர்தண்டா கடையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நான்காம் வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. தெரியாததுதான் இயல்பு. நீங்கள் தொடங்கும்முன் கருவான பருக்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும். பன்னிரண்டாம் வாரத்தில் குறைந்திருந்தால் அப்படியே தொடருங்கள். குறையவில்லை என்றால் சர்க்கரைப் பழக்கத்தை வைத்துக்கொண்டு, அடுத்த பன்னிரண்டு வாரம் டம்ளர் பாலை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் பாலைத் திரும்பக் குடிக்கலாம், உங்கள் பருவுக்குப் பால் காரணம் இல்லை. இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் எது வேலை செய்தது என்று தெரியாது, வாழ்நாள் முழுக்க இரண்டுக்கும் பயந்துகொண்டிருப்பீர்கள்.

இந்தச் சோதனை நடக்கும்போது மருந்தை நிறுத்தக்கூடாது. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அசிடிட்டி மருந்துக்கும் அதிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து உடலில் சேராது. ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள் அதைக் கொழுப்புள்ள உணவோடு எடுக்க வேண்டும், வெறும் கஞ்சியோடு எடுத்தால் பாதி வீண். அது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் வைட்டமின் ஏ மாத்திரையும் மீன் ஈரல் எண்ணெயும் கூடவே கூடாது. கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் தீங்கு செய்யும் மருந்து என்பதை மருத்துவர் சொல்லியிருப்பார். நானும் ஒருமுறை சொல்லி வைக்கிறேன்.

வலிக்கிற ஆழமான கட்டிகள், குழி விழும் தழும்பு இருந்தால் பன்னிரண்டு வாரம் காத்திருக்காமல் முதல் நாளே தோல் மருத்துவரிடம் போங்கள். தழும்பைச் சுண்டலால் நிரப்ப முடியாது. பருவோடு மாதவிலக்குத் தள்ளிப்போவது, மேலுதட்டிலும் தாடையிலும் முடி, பின்கழுத்தில் தேய்த்தும் போகாத வெல்வெட் மாதிரிக் கருமை, இவை சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் கழுத்தைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துவிட்ட அம்மாக்களும் உண்டு. இன்னொன்று: பருவுக்குப் பயந்து ஒவ்வொன்றாக நிறுத்தி, எடை இறங்கி, வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடவே தயங்கும் பிள்ளையைக் கண்டால் உணவுச் சோதனையை அன்றே நிறுத்துங்கள். பரு அப்புறம்.

அந்த அம்மா கிளம்பும்போது தாளைத் திருப்பித் தந்தேன். முன்பக்கத்தில் பதினான்கில் பன்னிரண்டை அடித்திருந்தேன். வடையும் அப்பளமும் மட்டும் பண்டிகைக்கு என்று குறிப்போடு இருந்தன. பின்பக்கத்தில் டீ, ரோஸ்மில்க், பால், ஸ்பூன் கணக்கு. மகள் வாங்கிப் படித்தாள். துப்பட்டா கன்னத்திலிருந்து இறங்கியிருந்தது.

"கடலமிட்டாய் சாப்பிடலாமா மேடம்?"

"கடலை எவ்வளவு வேணும்னாலும் அவிச்சுச் சாப்பிடு. மிட்டாய்ல பாதி வெல்லம், அது ஸ்பூன் கணக்குல வரும்."

அம்மா அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.